இறக்கைக்கு முன்னால் நின்றவர்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே பெரிய சத்தம் என்றால் பயம். யுத்தத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்கு மேலால் ஷெல் போன காலத்தில் நான் ஏழாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். அன்புவழிபுரத்து வீட்டில் அம்மா என்னைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுத் தானும் பக்கத்தில் வந்து படுப்பா. சத்தத்தைக்கூடத் தாங்கிக்கொள்வேன்; அடுத்தது எப்போது வரும் என்று காத்துக் கிடப்பதுதான் ஏலாமல் இருக்கும். இன்றைக்கும் கலியாண வீட்டில் வெடி கொளுத்தப் போகிறார்கள் என்றால் மெல்ல எழும்பிப் பின்பக்கம் போய்விடுவேன். அப்படிப்பட்ட நான் பொறியியல் படித்து முடித்து, கடைசியில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு பீரங்கிக்குப் பக்கத்தில்.

உண்மையான பீரங்கி இல்லை. காற்றுப் பீரங்கி. அது சுடுவது பறவையை.

சீனன்குடாப் பக்கம், கடலோரத்தில், பழைய களஞ்சியம் ஒன்றை எடுத்து ஒரு சிறிய நிறுவனம் இருவர் பறக்கக்கூடிய விமானம் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. தண்ணீரில் இறங்கித் தண்ணீரிலிருந்தே கிளம்பும் விமானம். எல்லாமாகப் பத்துப் பேர்கூட இல்லை. வெளிநாட்டில் விமானத் தொழிற்சாலைகளில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த ஒருவர்தான் அதை நடத்தினார். அவரை நாங்கள் சேர் என்போம்.

அந்த இடத்தில் பறக்கும் விமானத்துக்கு முதல் எதிரி பறவைதான். காலையில் மீன்பிடி வள்ளங்கள் கரைக்கு வரும் நேரம் குடாவுக்கு மேலே பார்த்தால் தெரியும். பருந்தும் நீர்க்காகமும் கொக்கும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகச் சுற்றும். வேகமாகப் போகிற இறக்கையில் இரண்டு கிலோப் பறவை ஒன்று மோதினால், அந்த நேரத்தில் அதற்குச் சதையும் இல்லை, எலும்பும் இல்லை. தண்ணீர் நிரப்பிய பையை எறிந்தது போலத்தான் அது நடந்துகொள்ளும். ஆனால் அந்தத் தண்ணீர் தகட்டைக் கிழிக்கும். இறக்கையின் முன்விளிம்பைக் கிழித்துக்கொண்டு போய், உள்ளே முதுகெலும்பு மாதிரி ஓடுகிற நீளச் சட்டத்தை உடைத்தால், பிறகு விமானம் இல்லை.

என்னுடைய வேலை, அந்த மோதலைக் கணினியில் நடத்திப் பார்ப்பது. இறக்கையை லட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரிப்பேன். பறவையை இரண்டு முனையும் உருண்ட ஒரு உருளையாக வரைவேன். அதற்குச் சொண்டும் இல்லை, செட்டையும் இல்லை. வேகத்தைக் கொடுத்து ஓடவிட்டால், ஒரு முழு இரவும் கணக்குப் போட்டு, கண் இமைக்கும் நேரத்தில் நடப்பதைக் காலையில் மெதுவாகக் காட்டும். என் கணக்கின்படி எங்கள் இறக்கை தாங்கியது. தகடு நசுங்கும், கிழியாது. அதைத்தான் அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் கணினி சொன்னது உண்மையா என்று உண்மையான இறக்கையில் அடித்துப் பார்க்காமல் எவரும் பறக்க விடமாட்டார்கள். அதற்காகத்தான் அந்தப் பீரங்கி.

அதைச் செய்தவர் கிண்ணியாவில் குறிஞ்சாக்கேணியைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன்; அவரை நானா என்போம். கப்பல் திருத்துகிற இடங்களில் வெல்டிங் வேலை பார்த்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். காற்றை அடைத்து வைக்கும் பெரிய தாங்கி, அதிலிருந்து ஒரு நீளமான குழாய், இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வு. பறவையைக் குழாய்க்குள் வைத்து, தாங்கியில் காற்றை ஏற்றி, வால்வைத் திறந்தால், குழாயின் மற்றப் பக்கத்தில் இருக்கும் அறையில் நிறுத்தி வைத்த இறக்கையில் போய் அடிக்கும். ஒவ்வொரு வெல்டிங் ஒட்டையும் நானா தன் கையால் ஒட்டினார். தண்ணீர் ஏற்றிச் சோதித்தபோது தாங்கியைச் சுற்றி நடந்து நடந்து துணியால் தடவிப் பார்த்தார். ஒரு துளி கசியவில்லை.

நாங்கள் செத்த கோழியைச் சுடவில்லை. ஜெலற்றினைக் காய்ச்சி அச்சில் ஊற்றி, குளிரவைத்து, பறவையின் எடைக்கு ஒரு கட்டி செய்வோம். அதைத்தான் பறவை என்போம். முதல் முறை நான் அந்தத் தூள் அடைத்த தகர ரின்னைத் திறந்தபோது நானா எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இது மாட்டுல எடுத்ததா, மத்ததுல எடுத்ததா?"

ரின்னில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். மாட்டினுடையதுதான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்துவிட்டுத்தான் கையுறையை மாட்டினார்.

முதலில் ஒரு வெள்ளோட்டச் சூடு, வேகத்தைப் பார்ப்பதற்கு மட்டும்; இறக்கை வைக்கவில்லை. பொலிசுக்கும் கிராம சேவகருக்கும் கடிதம் கொடுத்து, பள்ளிவாசலிலும் கோயிலிலும் சொல்லச் சொல்லித்தான் செய்தோம். அப்படியிருந்தும் சத்தம் கேட்டதும் கரையில் வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் எழும்பி ஓடினார்கள். ஒரு பெண் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டு எங்கள் வாசல் கேற்றடியில் வந்து நின்று ஏசினா. அவவுக்கு மருந்து போட்டது நான்தான். மருந்துப் போத்தலை நான் இரண்டு தரம் கீழே போட்டதைப் பார்த்துவிட்டு, "பிள்ளைக்கும் பயமோ? பிறகென்னத்துக்கு இந்த வேலை?" என்று கேட்டா. நான் குனிந்து கட்டைச் சுற்றி முடிச்சுப் போட்டேன்.

இறக்கை வைத்துச் சுடுகிற நாளில் பொத்தானை நானே அமத்த வேண்டும் என்று சேர் சொல்லிவிட்டார். கணக்குப் போட்டவர்தான் சுட வேண்டும் என்பது அவருடைய வழக்கம்.

அந்த விமானத்தை ஓட்ட இருந்தவரும் திருகோணமலை ஆள்தான். நகரத்துக் கத்தோலிக்கப் பங்கொன்றைச் சேர்ந்தவர், கொழும்பில் பறக்கப் பழகியவர், நாற்பது வயதைத் தாண்டியவர். நான் அவரை அண்ணை என்று கூப்பிடுவேன். வாரத்துக்கு ஒரு தரமாவது வந்து தேத்தண்ணியும் கையுமாக என் கதிரைக்குப் பின்னால் நின்று, திரையில் பறவை மோதுவதைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்ப்பார்.

"இது தாங்குமோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை, தாங்கும்."

"நீங்கள் சொன்னால் சரி."

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நான் அந்த மோதலை இன்னொரு தரம் ஓடவிட்டுப் பார்ப்பேன்.

சூட்டுக்கு முந்தின வாரம் கறண்ட் அடிக்கடி நின்றது. நின்ற ஒவ்வொரு தரமும் பிரிஜ் சூடாகி, செய்து வைத்த பறவை இளகிப் போயிற்று. திருகோணமலை வெயிலில் ஜெலற்றின் எவ்வளவு நேரம் நிற்கும்? இரண்டு பறவை வீணாகியது. சூட்டுக்கு முதல்நாள் பின்னேரம் மூன்றாவதைச் செய்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போகும்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. பீரங்கியின் பொத்தான், வால்வு, எச்சரிக்கை விளக்கு எல்லாவற்றுக்கும் கறண்ட் நின்றாலும் நிற்காமல் கொடுக்க ஒரு பற்றரிப் பெட்டி இருந்தது. பிரிஜ் வயரைக் கொண்டுபோய் அதில் குத்தினேன். காலையில் வந்ததும் கழற்றிவிடலாம் என்று நினைத்தேன்.

காலையில் கழற்ற மறந்துவிட்டேன். சூட்டுக்கு முதல் சரிபார்க்க வேண்டியவற்றைப் பட்டியல் போட்டு வைத்திருந்தோம். பற்றரி என்ற இடத்தில் நான்தான் சரி போட்டேன். பெட்டியில் பச்சை லைற் எரிந்தது. அதற்கு மேல் பார்க்கவில்லை.

அன்று காலை பதினொரு மணி இருக்கும். நான் கட்டுப்பாட்டு அறையில், தடித்த கண்ணாடிக்குப் பின்னால். அதற்குள்ளால் இறக்கை நிற்கிற அறை முழுவதும் தெரியும். நானா தாங்கிக்குப் பின்னால், மணல் மூட்டைச் சுவருக்கு அப்பால், காற்று மீற்றரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சேர் கேற்றடியில், தெருவால் ஆட்கள் வராமல் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை இறக்கை அறைக்கு வெளியே, கடற்கரைப் பக்கக் கதவடியில் நின்றார். சூடு முடிந்ததும் முதல் ஆளாக உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு. அது எரிந்தால் உள்ளே போகக்கூடாது. அணைந்து நூந்தால் போகலாம். எங்கள் விதி அதுதான். அதில் என்ன பிழை என்று அன்றைக்கு முன்னர் எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நானா ஒலிவாங்கியில் சொன்னார்: "காத்து ஏறிட்டு. நான் ரெடி, தங்கச்சி."

நான் எண்ணத் தொடங்கினேன். என் குரல் ஒலிபெருக்கியில் வெளியே கேட்கும். ஐந்து, நான்கு, மூன்று. விரல் பொத்தானில் இருந்தது. அது அமத்தினால் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் வகைப் பொத்தான்; திருகினால்தான் வெளியே வரும். சத்தம் வரப்போகிறது என்று உடம்பு முழுவதும் இறுகிப் போய் இருந்தது. இரண்டு என்றேன்.

அந்தச் சொல்லிலேயே மின்விசிறி நின்றது. ஒலிபெருக்கி செத்தது. வாய் நின்றுவிட்டது, கை நிற்கவில்லை. எண்ணிய தாளத்திலேயே விரல் பொத்தானை அமத்திவிட்டது. டிக் என்று உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டது.

ஒரு சத்தமும் வரவில்லை.

கறண்ட் நின்றால் பற்றரி எடுக்க வேண்டும். எடுக்கவில்லை. பிரிஜ்ஜின் சுமையும் சேர்ந்ததில் பெட்டி தன்னை நிறுத்திக்கொண்டது என்று பிறகு கண்டுபிடித்தோம். அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், எல்லாம் இருட்டாகி அமைதியாகிவிட்டது என்பதுதான். நான் கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். சத்தம் வரும், வரும் என்று காத்திருந்தேன். கண்ணைத் திறந்தபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கடற்கரைக் கதவு திறந்து வெயில் விழுந்தது. அண்ணை உள்ளே வந்தார்.

சிவப்பு விளக்கு நூந்துவிட்டது அல்லவா. நான் எண்ணுவதும் இரண்டில் நின்றுவிட்டது. சூடு நிறுத்தப்பட்டது என்று அவர் நினைத்தது நியாயம்தான். இறக்கையில் ஒட்டியிருந்த அளவு நாடா ஒன்று ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அதை ஒட்டிவிட முன்னால் போய், குழாயின் வாய்க்கு நேரே, முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார்.

கேற்றடியில் ஒரு ஜெனரேற்றர் இருந்தது. கறண்ட் நின்றால் தானாக ஓடத் தொடங்கும். அரை நிமிடம் எடுக்கும், சில நாள் ஒரு நிமிடம் எடுக்கும். அது ஓடத் தொடங்கியதும் வால்வுக்குக் கறண்ட் போகும். பொத்தான் உள்ளே பூட்டிக் கிடக்கிறது. வால்வு திறக்கும்.

இது முழுவதும் எனக்கு ஒரே நொடியில் விளங்கியது. கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்தேன். கத்தினேன். அவர் காதுமூடியோடு நின்றார், திரும்பவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு ஓடினேன். கட்டடத்தைச் சுற்றி வெளியால்தான் போக வேண்டும். மணலில் கால் புதைந்தது, ஒரு செருப்பு கழன்றது. ஜெனரேற்றர் உறுமத் தொடங்கும் சத்தம் பின்னால் கேட்டது. அது முதல் தரம் பிடிக்காமல் இருமி நின்றது. இரண்டாம் தரம் முயன்றது. என் தொண்டையிலிருந்து வந்தது குரல் மாதிரியே இல்லை. இறக்கை அறைக்குள் போய் அண்ணையின் சட்டையைப் பின்னால் பிடித்து, என் முழுப் பாரத்தையும் போட்டு இழுத்தேன். இரண்டு பேரும் கதவுப் படிக்கு வெளியே மணலில் விழுந்தோம்.

அவர் "என்ன, என்ன" என்று கேட்டு முடிக்கவில்லை. உள்ளே பட்டென்று ஒன்று வெடித்தது. பிறகு ஈரத் துணியைச் சுவரில் எறிந்தது போல ஒரு சத்தம். ஜெலற்றின் துண்டுகள் கதவால் வெளியே வந்து எங்கள் மேல் விழுந்தன. என் முகத்தில் ஒன்று ஒட்டியது. குளிராக இருந்தது.

முழு வேகத்தில் வரவில்லை. கறண்ட் நின்றதும் நானா தானாகவே போய்த் தாங்கியின் கை வால்வைத் திறந்து காற்றை வெளியே விடத் தொடங்கியிருந்தார். ஒருவரும் சொல்லவில்லை, காற்று நிறைந்த தாங்கியைச் சும்மா வைத்திருக்க அவருக்கு மனமில்லை. பாதிக் காற்றோடுதான் பறவை போனது. பாதிக் காற்றிலும் இறக்கையில் கையளவு பள்ளம் விழுந்திருந்தது. அண்ணையின் முதுகு இருந்த உயரம் அது.

சேர் ஓடி வந்தார். நானாவும் வந்தார். எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். நான் எழும்பி, ஒற்றைச் செருப்போடு கட்டுப்பாட்டு அறைக்குப் போனேன். ஏன் போனேன் என்று எனக்குத் தெரியாது. பொத்தான் உள்ளே கிடந்தது. அதைப் பார்த்தபோதுதான், ஓடுவதற்கு முதல் அதைத் திருகி விட்டிருந்தால் போதும் என்பது உறைத்தது. ஒரு நொடி வேலை. என் கைக்கு நேரே இருந்தது. அதைச் செய்யாமல் நான் சுற்றி ஓடியிருக்கிறேன்.

கையை நீட்டி அதைத் திருகினேன். பொத்தான் வெளியே வந்தது. அப்போது அறையில் வேறு ஒருவரும் இல்லை.

வீட்டில் அம்மா என் சட்டைக் கழுத்திலிருந்து எதையோ சுரண்டி எடுத்து முகர்ந்து பார்த்தா.

"இதென்னடி, ஜெலியோ? ஒவ்வீசில விருந்தோ?"

"ஓம் அம்மா."

அம்மாவுக்கு நான் செய்வது கொம்பியூட்டர் வேலை என்றுதான் தெரியும். குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு நெடுநேரம் நின்றேன். தண்ணீரைத் திறக்கவும் பயமாக இருந்தது, ஏனென்று கேட்டால் தெரியாது.

அடுத்த நாள் எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அண்ணையின் மனைவி தட்டு நிறையப் பயத்தம் பணியாரம் அனுப்பியிருந்தா. சேர் என் தோளில் தட்டினார். பொத்தான் அமத்தவேயில்லை, எண்ணுவது இரண்டில் நின்றது, அப்படியென்றால் கறண்ட் திரும்ப வந்தபோது வால்வு தானாகத்தான் திறந்திருக்க வேண்டும் என்று எல்லாரும் முடிவு கட்டியிருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வாயைத் திறந்தால் என்ன வரும் என்று பயமாக இருந்தது.

என் மேசையில் போய் உட்கார்ந்தேன். திரையில் வழக்கமான பறவை. அதற்கு முன்னால் இறக்கையை எடுத்துவிட்டு, வேறொரு உருளையை வரைந்தேன். ஒரு மனிதனின் நெஞ்சளவு. அதற்குள் விலா எலும்புகளை எந்தத் தடிப்பில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் நான் என்ன செய்கிறேன் என்று தெரிந்தது. ஓடவிடாமல் அழித்தேன். அழித்த பிறகும் அது எப்படி முடிந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டு வருடமாக அதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த இரண்டு நாளும் நானா வீட்டுக்கு நேரத்துக்குப் போகவில்லை. வால்வைக் கழற்றி, பேப்பர் விரித்து, ஒவ்வொரு துண்டாக அடுக்கி வைத்து, துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் பகல் நான் சாப்பாட்டுப் பெட்டியோடு அந்தப் பக்கம் போனேன். அவருடைய சோற்றுப் பார்சல் அவிழ்க்காமல் அப்படியே இருந்தது.

"சாப்பிடேல்லையா நானா?"

"எப்பிடிச் சாப்பிடுற தங்கச்சி. முப்பது வருசமா ஒட்டுறன். என்ட கையால ஒருத்தரும் சாகல்ல. இந்த வால்வப் பூட்டினது நான்தானே. எங்கயோ பிழை உட்டுட்டன். எங்க எண்டு வெளங்குதில்ல." அவர் ஒரு கம்பிச் சுருளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சேர்ட்ட சொல்லிப்போட்டு வேலைய உட்டு நிண்டுரலாம் எண்டு நெனைக்கிறன்."

அவருக்குப் பக்கத்தில் சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நானா, வால்வில ஒரு பிழையும் இல்லை. நான் பொத்தானை அமத்தினனான்."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"கறண்ட் நிண்ட பிறகு கை அமத்திப் போட்டுது. ஓடேக்க அதைத் திருகி விடேல்லை. பிறகு வந்து ஒருத்தருக்கும் தெரியாமல் திருகினனான். பற்றரியில பிரிஜ்ஜைக் குத்தினதும் நான்தான்."

அவர் ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையிலிருந்த சுருளைப் பேப்பரில் வைத்துவிட்டு, விரலில் ஒட்டியிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்தார்.

"ரெண்டு நாளா நான் தூங்கல்ல, புள்ள" என்றார். பிறகு எழும்பிக் கையைக் கழுவிவிட்டு வந்து பார்சலை அவிழ்த்தார். "சேர்ட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டன்."

சேரிடம் அன்று பின்னேரமே சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். வேலையை விட்டு நிறுத்தப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு வெற்றுத் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"எழுதுங்கோ. எத்தனை மணிக்கு என்ன நடந்தது, உங்கட கை எங்க இருந்தது, எல்லாம். பிறகு உங்கட அண்ணையிட்ட நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ."

அண்ணையின் வீட்டு விறாந்தையில் அவர் அந்தத் தாளை வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"அப்ப, என்னை இழுத்து விழுத்தினது நீங்கள். சுட்டதும் நீங்கள்."

"ஓம் அண்ணை."

"இழுத்ததுக்கு நன்றி சொல்லலாம். அமத்தினதையும் விடலாம், கை தவறும். மூண்டு நாளா நீங்கள் வாயைத் திறக்கேல்லை. என்ர மனுசி உங்களுக்கு மெழுகுதிரி கொளுத்தினவ, தெரியுமோ?" குரலை உயர்த்தவில்லை. "இனி நீங்கள் 'தாங்கும்' எண்டு சொன்னால் நான் எப்பிடி நம்புறது?"

தாளை மடித்து என்னிடமே தந்துவிட்டு உள்ளே போனார். நான் கேற்றைச் சாத்திக்கொண்டு வந்தேன். பஸ்சில் ஒரு பாடசாலைப் பிள்ளை எனக்கு எழும்பி இடம் விட்டது. என் முகம் அப்படி இருந்திருக்க வேண்டும்.

பத்து நாள் அவர் வரவில்லை. வந்தபோது கையில் ஒரு திறப்புச் சாவி இருந்தது. கடையில் வாங்கிய ஒரு பூட்டுச் சுவிச்சின் திறப்பு. சுவிச்சையும் திறப்பையும் சேரின் மேசையில் வைத்தார். திறப்பைப் போட்டுத் திருப்பினால் ஒழியப் பொத்தானுக்குக் கறண்ட் போகக்கூடாது, இறக்கை அறைக்குள் போகிறவர் எவரோ அவருடைய பொக்கெற்றில் அது இருக்க வேண்டும் என்றார். திறப்பு ஒன்றுதான், இரண்டாவது வெட்டக்கூடாது. நானா அன்றைக்கே அந்தச் சுவிச்சைப் பொருத்தினார். விளக்கின் விதியையும் மாற்றினோம். பச்சை எரிந்தால் மட்டும் உள்ளே போகலாம். ஒன்றும் எரியாவிட்டால் ஒருவரும் போகக்கூடாது. அதை எழுதும்போது, இதற்கு முதல் ஏன் இப்படி எழுதவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டேன். பிரிஜ்ஜுக்குத் தனியாக வயர் இழுத்தோம்.

அடுத்த சூட்டுக்குப் புது இறக்கைத் துண்டு வைத்தார்கள். அண்ணை உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு, கதவைப் பூட்டி, கட்டுப்பாட்டு அறைக்கு வந்து, திறப்பை என் கையில் வைத்தார். எனக்குப் பின்னால், கையெட்டும் தூரத்தில் நின்றார். திறப்பு துவாரத்தில் ஏறவில்லை. இரண்டு தரம் முயன்றேன். அவர் உதவவில்லை. மூன்றாம் தரம் ஏறியது. எண்ணினேன். அமத்தினேன்.

சத்தம் வந்தது. நெஞ்சில் அடித்தது போல வந்தது. நான் கத்தியிருக்கிறேன், பிறகு கமராவில் கேட்டேன்.

தகடு கிழிந்திருந்தது. என் கணக்கு நசுங்கும் என்று சொன்ன இடத்தில், ரிவெற் ஆணி வரிசை நெடுக, சட்டைப் பொத்தான்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெறித்தது போலத் திறந்திருந்தது. பறவை உள்ளே போய் நீளச் சட்டத்தில் தட்டி நின்றிருந்தது. சட்டம் உடையவில்லை, வளைந்திருந்தது. கணினியில் நான் அந்த ஆணிகளைக் கழலாத ஒட்டாக வைத்திருந்தேன். அவை ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று தனித்தனியே கொடுக்கவில்லை. வேலை கூடும் என்று விட்டது.

அண்ணை கிழிந்த இடத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"என்ன சொல்லுறியள், தங்கச்சி?"

"தாங்கேல்லை அண்ணை. என்ர கணக்குப் பிழை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சரி" என்றார். "திருத்துங்கோ."

ஆணிகளை ஒன்றொன்றாக வைத்துக் கணக்கை மறுபடி போட இரண்டு மாதம் பிடித்தது. இந்த முறை கணினியிலும் அதே இடத்தில் கிழிந்தது. ஆணி வரிசையை நெருக்கி, உள்ளே ஒரு தகடு கூட வைத்துச் செய்த இறக்கையை அடுத்த சூட்டில் அடித்தோம். நசுங்கியது, கிழியவில்லை. அறிக்கையில் அந்தத் தவறிய சூட்டில் நடந்ததையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

விமானம் முதல் தரம் குடாவிலிருந்து கிளம்பிய காலையில் நான் இறங்குதுறையில் நின்றேன். வள்ளங்கள் எல்லாம் வந்து முடிந்த நேரமாகப் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள். அப்படியும் தூரத்தில் இரண்டு பருந்து. நான் குனிந்து பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நானா பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"தண்ணிய உட்டுட்டு, தங்கச்சி. எழும்பிட்டு. இப்ப கிண்ணியாப் பக்கம் திரும்புது."

"பருந்து எங்க நானா?"

"அது அந்தப் பக்கம் போயிட்டு. நீங்க பாருங்க."

"ஏலாது."

"சரி, பாக்காதீங்க. நான் சொல்றன்."

அவர் கடைசிவரை சொன்னார். விமானம் இறங்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு துறைக்கு வரும் சத்தம் கேட்ட பிறகுதான் நான் தலையை நிமிர்த்தினேன். அண்ணை விமானத்தின் கண்ணாடி மூடியைத் திறந்து, தலைக்கவசத்தைக் கழற்றி, கயிற்றை எங்கள் பக்கம் எறிந்தார். நான்தான் பிடித்தேன்.

"பறக்கேக்க இடப்பக்கம் கொஞ்சம் இழுக்குது" என்றார். "அதைப் பாருங்கோ."